மூச்சுப் பெட்டி

விடிந்தும் விடியாத வேளையில் காருக்கு அடியில் ஏதோ முறிந்தது. முன்பக்க இடது சக்கரம் ஒருக்களித்துப் படுத்துக்கொள்ள, கார் மூக்கைப் பனியில் உரசிக்கொண்டே போய்ச் சாலையோரச் சரிவில் நின்றது. பின் இருக்கையில் கயிறு போட்டுக் கட்டியிருந்த அட்டைப் பெட்டி மட்டும் அசையவில்லை. ஓதேகென் முதலில் திரும்பிப் பார்த்தது அதைத்தான்.

"பெட்டிக்கு ஒண்ணும் ஆகலையே, மாப்ள?"

"ஆகல மச்சான்" என்றான் அமான்தாய்.

"உனக்கு?"

"எனக்கும் ஒண்ணுமில்ல."

"உனக்கு ஆனாக்கூட என் தங்கச்சிக்கு வேற மாப்பிள்ளை பாத்துக்கலாம். இந்த மெஷின் இன்னொண்ணு கிடைக்காது."

அமான்தாய் சிரித்து வைத்தான். ஓதேகெனின் தங்கை ரயிஹானைக் கட்டிய நாளிலிருந்து இந்த மாதிரிக் கேலிகளைக் கேட்டுக் கேட்டு அவனுக்குத் தோல் தடித்துவிட்டது. மாப்பிள்ளை என்றால் அந்த வீட்டில் விறகு பிளக்க ஒரு ஆள், கிண்டல் பண்ண ஒரு ஆள், அவ்வளவுதான். ஆனால் இன்றைக்குச் சிரித்து வைப்பதே பெரும்பாடாக இருந்தது.

பெட்டிக்குள் இருந்தது ஆக்ஸிஜன் மெஷின். தஸ்குடுக் கிராமத்தில் மூச்சுக்குத் தவிக்கும் தன் அப்பா பைமுரத்துக்காக ஓதேகென் வாங்கிக்கொண்டு போகிறான். பைமுரத் நேற்றுக் காலையிலேயே செத்துப் போய்விட்டார். அது அமான்தாய்க்குத் தெரியும், ஊருக்கெல்லாம் தெரியும், ஓதேகென் ஒருவனுக்குத்தான் தெரியாது.

எங்கள் புல்வெளி ஜனங்களின் வழக்கம் அப்படி. தூரத்தில் இருக்கிற பிள்ளைக்குச் சாவைப் போனில் சொல்ல மாட்டார்கள். உடம்பு சரியில்லை, வந்து பார்த்துவிட்டுப் போ என்பார்கள். அவன் வந்து இறங்கியதும் வயதானவர்கள் சுற்றி உட்கார்ந்து, இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொள்ள, எங்கோ ஆரம்பித்து எங்கோ சுற்றி மெதுவாகச் செய்தியைக் காதில் போடுவார்கள். மனிதனைத் தாங்கிப் பிடிக்கக் கை இருக்கும் இடத்தில்தான் அவனை விழச் செய்ய வேண்டும் என்று ஒரு கணக்கு. நல்ல கணக்குதான். எல்லோரும் பக்கத்து மேட்டில் கூடாரம் போட்டிருந்த காலத்துக்குப் பொருந்திய கணக்கு.

நேற்று அமான்தாயைப் போனில் கூப்பிட்டவர் ஓதேகெனின் பெரியப்பா எசென்பாய். "பைமுரத் போயிட்டான். நாளைக்குச் சாயங்காலத் தொழுகைக்கு முன்னால எடுக்கறோம். பையனைக் கூட்டிட்டு வா. வழியில வாயைத் திறந்த, உன்னை இந்த வீட்டுப் படி ஏத்த மாட்டேன். செய்தி சொல்றது மாப்பிள்ளை வேலை இல்ல" என்றார். அவர் இப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அவருடைய சொந்த மகனுக்கு, அம்மா செத்த செய்தியை எவனோ ஒரு அவசரக்காரன் போனில் சொன்னான். வண்டி ஓட்டிக்கொண்டிருந்த பிள்ளை அப்படியே காரோடு பாலத்திலிருந்து கீழே பாய்ந்துவிட்டான். ஒரே வாரத்தில் இரண்டு குழி வெட்டிய வீடு அது.

ஆகவே அமான்தாய் போய் மைத்துனனிடம் பொய் சொன்னான். அப்பாவுக்கு மூச்சு முட்டுகிறது, உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார், உடனே கிளம்பு என்றான். இந்தப் பொய்யில் இருந்த ஓட்டையை எசென்பாயும் யோசிக்கவில்லை, இவனும் யோசிக்கவில்லை. மூச்சு முட்டுகிறது என்றால் பாசமுள்ள பிள்ளை வெறுங்கையோடு கிளம்புவானா? ஓதேகென் அக்தோபே நகரம் முழுக்க மருந்துக் கடை மருந்துக் கடையாக அலைந்தான். காரின் முன்சக்கரத்தில் கொஞ்ச நாளாகவே கடகடவென்று சத்தம். சக்கரத்தைப் பிடித்திருக்கும் பால் ஜாயின்ட் போய்விட்டது, மாற்றித் தருகிறேன் வா என்று மெக்கானிக் சொல்லியிருந்தது அன்று மத்தியானத்துக்குத்தான். அந்த மத்தியானத்தை மெஷின் தின்றுவிட்டது. "ஊருக்குப் போய்ட்டு வந்து மாத்திக்கலாம் மாப்ள, அது இன்னும் தாங்கும்" என்றான் ஓதேகென். கிளம்பும்போது இருட்டிவிட்டது.

இப்போது ஓதேகென் பனியில் மல்லாந்து படுத்துக் காருக்கு அடியில் தலையை விட்டிருந்தான். காற்று தரையோடு தரையாகப் பனித்தூளை அடித்துக்கொண்டு வந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் மரமில்லை, வீடில்லை, போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

"ஜாயின்ட்டே கழண்டு வந்திருச்சு" என்று அடியிலிருந்து குரல் வந்தது. "ஜாக்கி போடு. டிக்கியில கம்பி இருக்கும், சங்கிலி இருக்கும், எடுத்துட்டு வா. ஜாக்கி எதுன்னு தெரியுமில்ல?"

"தெரியும்."

"சொல்ல முடியாது, மியூசிக் வாத்தியாராச்சே."

அமான்தாய் பள்ளிக்கூடத்தில் தொம்ப்ரா என்ற இரட்டைத் தந்தி வாத்தியம் வாசிக்கச் சொல்லிக் கொடுப்பவன். நகரத்தில் பிறந்தவன், நெஞ்சுச் சளிக்காரன், விரல்கள் சீக்கிரம் மரத்துப் போகும். ஜாக்கியைச் சுற்றச் சுற்ற இரும்பின் குளிர் கையுறையைத் தாண்டி எலும்பில் ஏறியது. ஓதேகென் சக்கரத்தை உதைத்து உதைத்து நேராக்கி, கழன்ற இரண்டு இரும்பையும் சேர்த்து வைத்து, சங்கிலியால் சுற்றி, கம்பியால் முறுக்கினான். முறுக்கிக்கொண்டே பேசினான்.

"ஏன் மாப்ள, அவரே என் பேரைச் சொன்னாராமா?"

"சொன்னாராம்."

"எப்படி? ஓதேகென்னா? இல்ல, அந்த நாய் எங்கேன்னா?"

ஓதேகென் ஒரே மகன். வீட்டோடு இருந்து அப்பனின் அடுப்பைக் காக்க வேண்டியவன். அவனோ டாக்சி ஓட்டப் போகிறேன் என்று நகரத்துக்குப் போனான். என் வாசலை மிதிக்காதே என்றார் பைமுரத். அதன் பிறகு இவனும் மிதிக்கவில்லை. எத்தனை பண்டிகை வந்தது, யாராவது ஒருவர் இறங்கி வந்திருந்தால் முடிந்திருக்கும். அப்பனுக்குத் தப்பாத பிள்ளை, பிடிவாதத்தில் மட்டும்.

"ஓதேகென்னுதான் சொன்னாராம். ரயிஹான் சொன்னா. ரெண்டு தடவை சொன்னாராம்" என்றான் அமான்தாய்.

அடியில் கம்பி முறுக்கும் சத்தம் நின்றது. பிறகு ஓதேகென் வெளியே வந்தான். முகமெல்லாம் கரியும் பனியுமாக, சின்னப் பையன் போல இளித்துக்கொண்டிருந்தான். "கிழவன் இறங்கி வந்துட்டான் பாத்தியா. நானும் மெஷினைக் கொண்டு போய் வெச்சு, குழாயை மூக்குல மாட்டி, இப்பத் திட்டு, எவ்வளவு நேரம் வேணா திட்டுன்னு சொல்லப் போறேன்."

உண்மையில், அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஊருக்குப் போயிருந்த ரயிஹான் போனில் சொன்னது வேறு. அப்பா கடைசியாகத் தண்ணீர் கேட்டார், வேறு ஒன்றும் கேட்கவில்லை என்றுதான் அவள் அழுதாள். அமான்தாய் அதை விழுங்கிக்கொண்டு சங்கிலியின் முனையைப் பிடித்துக் கொடுத்தான்.

கார் மெல்ல நகர்ந்தது. ஆள் நடக்கிற வேகத்தில் போனது. ஓதேகென் ஜன்னல் வழியே தலையை நீட்டிச் சக்கரத்தைப் பார்த்தபடியே ஓட்டினான். "போகுது பார், போகுது பார்" என்றான். சாலை ஒரு மேட்டில் ஏறி இறங்கியது. இறக்கத்தில் ஒரு பள்ளம். சங்கிலி தெறித்த சத்தம் துப்பாக்கி வெடித்தது போல் கேட்டது. இந்த முறை சக்கரம் சாய்ந்ததோடு நிற்கவில்லை, ஆக்ஸிலையும் பிடுங்கிக்கொண்டு போனது. கறுப்பு எண்ணெய் பனியில் கொட்டிப் பரவியது.

ஓதேகென் இறங்கிப் பார்த்துவிட்டு, பிடுங்கி வந்த இரும்பைக் கையில் எடுத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு கீழே வைத்துவிட்டுப் பின் கதவைத் திறந்து, பெட்டியின் மேல் தன் செம்மறித்தோல் கோட்டைப் போர்த்தினான். "குளிர்ல கெட்டுப் போயிடப் போகுது" என்றான்.

எஞ்சின் ஓடியது. அது ஓடுகிற வரை உள்ளே சூடு இருக்கும், பெட்ரோல் இருக்கிற வரை அது ஓடும். இருவரும் உள்ளே உட்கார்ந்து காய்ந்த ரொட்டியைப் பிய்த்துத் தின்றார்கள். அமான்தாய் வானத்தைப் பார்த்தான். சூரியன் பால் கலந்த டீ நிறத்தில் மேலே வந்துகொண்டிருந்தது. இந்நேரம் குளிப்பாட்டியிருப்பார்கள். வெள்ளைத்துணி சுற்றியிருப்பார்கள். வாசலில் அண்ணன் தம்பி முறைக்காரர்கள் கோலை ஊன்றி நின்று கதறிக்கொண்டிருப்பார்கள், மகன் நிற்க வேண்டிய இடத்தைக் காலியாக விட்டு.

வெகு நேரம் கழித்து ஒரு டேங்கர் லாரி வந்தது. கைகாட்ட வேண்டிய அவசியமே இல்லாமல் தானாக நின்றது. இந்தச் சாலையில் நிற்காமல் போகிறவன் மனிதனில்லை. ஓட்டுநர் கோஷான் என்று ஒரு தாட்டியான ஆள். பக்கத்தில் மனைவி, அவள் மடியில் கம்பளியில் சுற்றிய கைக்குழந்தை. தஸ்குடுக்கைத் தாண்டித்தான் போகிறார்கள்.

கோஷான் குனிந்து சக்கரத்தைப் பார்த்துவிட்டு நாக்கைச் சப்புக் கொட்டினான். "இதை இழுத்துட்டும் போக முடியாது. ஒரு பக்கம் தரையில உக்காந்திருக்கு. உள்ள ஒரு ஆளுக்கு இடம் இருக்கு. அதுவும் என் பொண்டாட்டி நெருக்கி உக்காந்தாத்தான். ரெண்டாவது ஆளுக்கு டேங்கு மேலதான் இடம், ஊர் போய்ச் சேரும்போது கட்டையாத்தான் இறக்கணும்."

"அடுத்த வண்டி எப்ப வரும்ணே?" என்று கேட்டான் அமான்தாய்.

"பனிப்புயல் வருதுன்னு பின்னால ரோட்டைக் கம்பு போட்டு அடைச்சிட்டாங்க. நான்தான் கடைசி. நாளைக்கு யாராவது வரலாம்."

ஓதேகென் யோசிக்கவே இல்லை. கயிற்றை அவிழ்த்துப் பெட்டியைத் தூக்கினான். "மாப்ள, நீ ஏறு. மடியில வெச்சுக்கோ, கீழ வெக்காதே."

"நீ போ மச்சான்" என்றான் அமான்தாய். "நீதானே மகன். நான் காருக்குக் காவலா இருக்கேன்."

"நீயா? குளிருக்கு டயரைக் கொளுத்தத் தெரியுமா உனக்கு? எஞ்சின் நின்னா என்ன பண்ணுவ, தொம்ப்ரா வாசிப்பியா? நாளைக்கு வந்து உன்னை விறகு மாதிரி அள்ளிட்டுப் போனா ரயிஹான் என் தோலை உரிச்சுப்பிடுவா. அதுவும் இல்லாம, கடைக்காரன் இதை எப்படிப் போடணும்னு உனக்குத்தானே சொல்லிக் குடுத்தான்? நான் போய் என்ன பண்ண? மூச்சா ஊதிக் குடுக்கப் போறேன்? மெஷின் போகணும். நான் நாளைக்கு வந்தாலும் அவர் திட்டப் போறது திட்டுதான்."

அமான்தாய் கோஷானின் கையைப் பிடித்து டேங்கருக்குப் பின்னால் இழுத்துப் போனான். "அண்ணே, இவங்கப்பா நேத்தே போயிட்டாரு. இன்னிக்கு எடுக்கறாங்க. இவனுக்குத் தெரியாது."

கோஷான் இரண்டு கைகளையும் முகத்தில் தடவி இறந்தவருக்காக ஒரு வார்த்தை முணுமுணுத்தான். சக்கரத்துக்குப் பின்னால் மறைந்து நின்றுதான் அதையும் செய்தான். "யார் சொல்லணும்?"

"பெரியப்பா. வீட்ல வெச்சு."

"அப்ப நீ சொல்லக் கூடாது. நான் சொல்லவே கூடாது." கொஞ்சம் நின்று, "இரு, நான் பேசிப் பாக்கறேன்" என்றான்.

பேசிப் பார்த்தான். "தம்பி, மகன் நீதாங்கறாரு இவரு. உடம்பு முடியாதவரு முதல்ல மகன் முகத்தைப் பாக்கத்தான் ஆசைப்படுவாரு. நீ ஏறு. குளிரை எப்படித் தாங்கறதுன்னு இவருக்கு நான் சொல்லிக் குடுத்துட்டுப் போறேன், ஒண்ணும் ஆகாது."

"என் முகத்தைப் பாத்தா இருக்கிற மூச்சும் நின்னுடும்ணே. முதல்ல மெஷின் போகட்டும். மகன் அனுப்பிச்ச மெஷின்னு தெரியட்டும், மனசு இளகட்டும். அப்புறம் நான் வர்றேன்."

கோஷான் அமான்தாயைப் பார்த்தான். அமான்தாய் பனியைப் பார்த்தான். ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொன்னால் ஓதேகென் பெட்டியைப் போட்டுவிட்டு ஏறிவிடுவான். ஏறினால் அப்பனின் முகத்தைப் பார்ப்பான், ஒரு பிடி மண் போடுவான். ஆனால் அவனைப் பிடிக்க இங்கே யார்? பாலத்திலிருந்து பாய்ந்த எசென்பாய் மகனின் கார் அமான்தாயின் கண்முன் வந்தது. இன்னொன்றும் வந்தது. ஓதேகென் ஏறினால், தான் இங்கே தனியாக இருக்க வேண்டும், நாளை வரை, இந்தக் காற்றில். பயத்துக்குச் சாட்சி சொல்ல வழக்கம் கூடவே வந்து நின்றுகொண்டது. எது பயம், எது வழக்கம் என்று அவனுக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"மச்சான், ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"மெஷின் இல்லாட்டியும் பரவாயில்ல. நீ போயிடு."

ஓதேகெனின் முகம் சட்டென்று இறுகியது. "ஏன் பரவாயில்ல?"

காற்று வீசியது. கோஷானின் மனைவி குழந்தையின் தலையைக் கம்பளிக்குள் இழுத்துவிட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

"இல்ல... ஆஸ்பத்திரியிலேர்ந்து ஒரு நர்சு வந்திருக்குதாம். அவங்க ஏதாவது வெச்சிருப்பாங்க" என்றான் அமான்தாய்.

"அடப் போய்யா. ஒரு நிமிஷம் என்னமோ ஏதோன்னு நெனச்சிட்டேன்." ஓதேகென் அவன் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். "ஏறுய்யா, நேரம் ஆகுது."

அமான்தாய் ஏறினான். லாரி கேபினுக்குள் சூடு, பால் வாசம். அந்தச் சூடு முகத்தில் பட்டதும் உடம்பு தன்னைக் கேட்காமலே சுகப்பட்டதை அவன் அறிந்தான். அப்போதே தன்னை வெறுத்தான். ஓதேகென் வெளியே நின்று பெட்டியைத் தூக்கிக் கொடுத்தான்.

"முன்னால வலப்பக்கம் ஒரு மேடு வரும்" என்று ஓதேகெனிடம் சொன்னான் கோஷான். "நடக்கற தூரம்தான். ஏறி நின்னா போன் எடுக்கும். எஞ்சினை நிறுத்திட்டு ஒரே ஓட்டமாப் போய்ட்டு வந்துடு, ரொம்ப நேரம் நிக்காதே."

"அப்ப மத்தியானத்துக்கு மேல கூப்பிடறேன் மாப்ள. போனைக் கையிலயே வெச்சிரு. மூச்சு சீராச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டா நான் ராத்திரி பூரா டயரைக் கொளுத்திட்டு உக்காந்திருப்பேன்."

வழியில் ஒரு இடத்தில் கோஷான், "நானா இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்" என்றான். அது ஆறுதலாக இல்லை.

டேங்கர் தஸ்குடுக்கில் திரும்பியபோது ஊர் ஆண்கள் எல்லோரும் வீட்டு வாசலில் நின்றார்கள். மகன் வருகிறான் என்று வழி விட்டார்கள். வாசலில் கோல் ஊன்றி நின்றவர்கள் குரலெடுத்துக் கதற ஆரம்பித்தார்கள். உள்ளேயிருந்து ரயிஹானின் ஒப்பாரி கேட்டது. எசென்பாய் தன் வயதையும் மறந்து ஓடிவந்து கதவைத் திறந்தார். மடியில் பெட்டியோடு மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தான்.

"அவன் எங்க?"

அமான்தாய் சொன்னான். எசென்பாய் பெட்டியைப் பார்த்தார். "இது என்ன?"

"மூச்சு விடற மெஷின், மாமா. அவருக்காக."

கிழவர் கதவைப் பிடித்தபடி வடக்கே கறுத்து வரும் வானத்தைப் பார்த்தார். ஜீப்பை அனுப்பினால் போய் வர ராத்திரியாகும். புயல் வந்தால் நாளைக்குள் வெட்டிய குழியும் பனியில் மூடிப் போகும். "அனுப்பு. வண்டியை அனுப்பு" என்று உறவுக்காரப் பையன் ஒருவனை விரட்டினார். "பைமுரத்தை இனிமே வெச்சிருக்க முடியாது. தூக்குங்க."

பெட்டியை யாரோ வாங்கி, காலணிகள் கிடந்த இடத்தில் வைத்தார்கள்.

இடுகாடு ஊருக்கு வெளியே மேட்டில் இருந்தது. பெண்கள் அங்கே வருவதில்லை. குழிக்குள் இறக்கினார்கள், ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள். அமான்தாய் இரண்டு பிடி போட்டான். உறைந்த மண் கையில் கல்லாகக் கனத்தது. பிறகு மண்வெட்டிகள் இறங்கின. இந்த வேலையில் மண்வெட்டியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது. களைத்தவன் அதைத் தரையில் போட வேண்டும், அடுத்தவன் குனிந்து எடுக்க வேண்டும். அமான்தாயின் காலடியில் ஒன்று வந்து விழுந்தது. அவன் குனிந்தபோது சட்டைப்பையில் போன் அடித்தது.

எல்லாக் கண்களும் அவன் பக்கம் திரும்பின. எசென்பாய் உதட்டில் விரலை வைத்தார்.

"மாப்ள!" காற்றோடு காற்றாக ஓதேகெனின் குரல். பற்கள் குளிரில் தந்தியடித்தன. "போய்ச் சேந்துட்டியா? மெஷின் போட்டியா?"

"போட்டாச்சு மச்சான்."

"காத்து இறங்குதா?"

அமான்தாய் குழியைப் பார்த்தான். "இறங்குது."

"என்ன சத்தம் அது, டக்கு டக்குன்னு?"

"வாசல்ல பனி தள்ளறாங்க."

"நல்லாத் தள்ளச் சொல்லு. மெஷின் நான் வாங்கினதுன்னு சொன்னியா? என்ன சொன்னாரு?"

மண்வெட்டிகள் நின்றுவிட்டன. பனி விழ ஆரம்பித்திருந்தது. எசென்பாய் கண்ணாலேயே சொல், சொல் என்றார்.

"ஓதேகென்னு சொன்னாரு. சிரிச்சாரு."

மறுமுனையில் மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. அழுகிறானா, குளிரா, தெரியவில்லை. "சரி மாப்ள. நீ பக்கத்துலயே இரு. நான் வர்ற வரைக்கும் அவரைத் தூங்க மட்டும் விட்டுடாதே, என்ன?"

"விட மாட்டேன் மச்சான். ஜீப் வருது. நீ கார்ல போய் உக்காரு."

தொடர்பு அறுந்தது. எசென்பாய் மெல்ல நடந்து வந்து அவன் முதுகில் கையை வைத்தார். அந்த வீட்டில் பெண்ணெடுத்து இத்தனை காலத்தில் அவர் அவனைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"நல்லாச் சொன்ன மாப்ள" என்றார். "ரொம்ப நல்லாச் சொன்ன."

அமான்தாய் குனிந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டான்.